திசைமாறும் உலை சண்டித்தனம் செய்தால்: அறிகுறியைப் பிடித்துப் பிழை தேடுதல்

ஃபைபர் படகு கட்டும் வேலைத்தளத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு ஸ்டைரீன் மணத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கண்ணாடி நார் விரிப்பின் மேல் ரெசினை ஊற்றி ரோலர் உருட்டத் தொடங்கியதும், தொண்டையில் இனிப்பாக ஒட்டிக்கொள்ளும் அந்த மணம் மூன்று வளவு தாண்டிப் போய்விடும். மட்டக்களப்பு வாவிக்கரையில் அப்படி ஒரு வேலைத்தளத்தில், அந்த ஆவியை எரித்துத் தீர்க்கும் உலையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திசைமாறும் உலை என்று நாங்கள் சொல்வோம். இந்த வகை உலைக்குத் தமிழில் கைநூல் எதுவும் என் கையில் அகப்படவில்லை. அதனால் நான் பட்ட பாட்டை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

உலை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தொட்டிகள், மேலே ஒரு குழாயால் இணைந்திருக்கின்றன. ஒன்று வாவிப்பக்கம், மற்றது றோட்டுப்பக்கம். நாங்களும் வாவித் தொட்டி, றோட்டுத் தொட்டி என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொன்றிலும் கீழே 70 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சேண வடிவப் பீங்கான் துண்டுகள், அதன் மேல் 15 சென்ரிமீற்றருக்குப் பிளாட்டினம் பூசிய அலுமினா உருண்டைகள். குறைந்த சூட்டிலேயே ஆவியை எரியவைக்கும் ஊக்கி இந்த உருண்டைகள்தான். உச்சிக் குழாயில் 20 கிலோவாற்று மின் சூடாக்கி. மணத்தோடு வரும் காற்று ஒரு தொட்டியின் அடியில் நுழைந்து, சூடான பீங்கானில் சூடேறி, ஊக்கியில் எரிந்து, மற்றத் தொட்டியின் பீங்கானுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிய காற்றாக வெளியேறும். மூன்று நிமிடத்தில் நான்கு வால்வுகளும் மாறும். காற்று எதிர்த்திசையில் ஓடும். வெளியே தப்பப் பார்த்த சூடு மறுபடி உள்ளே தள்ளப்படும். முகத்துவாரத்தில் நீர் போவதும் வருவதுமாக இருந்தாலும் வாவி வாவியாகவே கிடக்கிறதல்லவா, அதுபோல நடுவில் சூடு நிலைத்து நிற்கிறது.

யோசனை பழையது. அமெரிக்கரான ஃபிரெடரிக் கொற்றெல் 1938இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு நோவோசிபிர்ஸ்க்கில் போரெஸ்கோவும் மாத்ரோஸும் இதைக் கணக்கோடு வளர்த்தெடுத்து, செப்பு உருக்காலைகளின் கந்தகவீரொட்சைட்டு வாயுவுக்கும் பிறகு கரைப்பான் ஆவிகளுக்கும் பயன்படுத்த வழி செய்தார்கள். இதன் பெரிய வசதி, ஆவி மிக ஐதாக இருந்தாலும் எரிபொருள் ஊற்றாமல் ஓடுவதுதான். ஒரு கன மீற்றர் காற்றில் ஒரு கிராம் ஸ்டைரீன் எரிந்தால் அந்தக் காற்று ஏறக்குறைய 30 பாகை சூடேறும். எங்கள் காற்றில் அரைக் கிராம்தான் இருக்கிறது. அப்படியென்றால் 15 பாகை. அந்த 15 பாகையைச் சேமித்துச் சேமித்து நடுவில் 350 பாகை வைத்திருக்கிறோம்.

இந்த 15ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை தேடும்போது எல்லோருடைய கண்ணும் நடு வெப்பநிலைக்கும் கை சூடாக்கியின் சுவிட்சுக்கும்தான் போகும். நான் முதலில் பார்ப்பது வெளியேறும் காற்றின் வெப்பநிலையை. நடுவில் இருப்பது இருப்பு. வாசலில்தான் வரவு செலவு தெரியும்.

நடு வெப்பம் நாளுக்கு நாள் இறங்குகிறது

திங்கள் 360, செவ்வாய் 345, புதன் 320. இப்படியே போனால் 250க்குக் கீழே ஊக்கி வேலை செய்வதை நிறுத்தும். பிறகு ஒரே சரிவுதான். காலையில் சூடாக்கியைப் போட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சூடாக்கியைத் தொடாமல், ஒரு அரைமணி நேரம் வெளிவாசல் வெப்பநிலையைக் குறியுங்கள். அது ஒவ்வொரு மூன்று நிமிடத்திலும் ஏறி இறங்கும், ஆகவே சராசரி எடுக்க வேண்டும். எங்கள் உலை நலமாக இருக்கும் நாளில் உள்ளே 32, வெளியே சராசரி 44. வித்தியாசம் 12. மிச்சம் 3 பாகை சுவர் வழியாகப் போகிறது. இறங்கும் நாட்களில் இந்த வித்தியாசம் இரண்டு விதமாகப் பிழைக்கும்.

வித்தியாசம் கூடி 20, 25 என்று நிற்கிறதா? அப்படியென்றால் சூடு வாசல் வழியாக ஓடுகிறது. ஒவ்வொரு திருப்பத்தின் கடைசி அரை நிமிடத்தில் வெளிவாசல் திடீரென 80, 90க்குத் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் வெப்ப அலை பீங்கானின் விளிம்பைத் தொட்டுவிட்டது. எங்கள் தொட்டியில் காற்று, தொட்டி வெறுமையாக இருந்தால் என்ற கணக்கில், விநாடிக்கு அரை மீற்றர் ஓடினால், அலை விநாடிக்கு ஒரு மில்லிமீற்றர்தான் நகரும். பீங்கான் காற்றைவிட அவ்வளவு சூட்டைக் குடிக்கும். மூன்று நிமிடத்தில் 18 சென்ரிமீற்றர். 70 சென்ரிமீற்றர் பீங்கானுக்கு அது பெரிய விடயமில்லை. ஆனால் யாராவது திருப்ப நேரத்தை ஒன்பது பத்து நிமிடமாக்கிவிட்டால் அலை அடிவரை வந்துவிடும். நேரம் மாறாமலே இது நடந்தால், காற்றின் அளவு கூடியிருக்கும்.

எங்கள் இடத்தில் நடந்தது அதுதான். இரண்டாவது படகு அச்சுக்கு மேல் புதிதாக ஒரு உறிஞ்சு கூடு போட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. விசிறியின் தணிப்பானை, அதாவது காற்றை மட்டுப்படுத்தும் தகட்டை, திறந்து காற்றைக் கூட்டிவிட்டார்கள். அந்த அச்சில் அன்று வேலை கிடையாது, வெறும் நல்ல காற்றுத்தான் வந்தது. அலை வேகமாக ஓடியது ஒன்று, ஆவி ஐதானது இன்னொன்று. 15 பாகை 10 ஆகிவிட்டது, சுவர் எடுப்பதை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. வேலையில்லாத கூட்டின் தகட்டை மூடியதும் இரண்டு நாளில் நடு வெப்பம் பழையபடி ஏறியது. சூடாக்கி தேவைப்படவில்லை.

மற்ற விதம், வித்தியாசம் குறைந்து 5, 6 என்று நிற்பது. சூடு வாசலால் போகவில்லை. ஒன்றில் வரவு குறைவு, அல்லது ஆவி எரியாமல் போகிறது, அல்லது சுவர் தின்கிறது. மணத்தை மோந்து பாருங்கள். எரியாமல் போனால் மூக்கு சொல்லிவிடும். மணம் இல்லையென்றால் படகு கட்டும் ஓடாவியிடம் கேளுங்கள், இன்றைக்கு எத்தனை கிலோ ரெசின் போனது என்று. எங்களுக்கு ஒரு நாளைக்கு 100 கிலோ ரெசின் போனால்தான் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஸ்டைரீன் கிடைக்கும். அது 11 கிலோவாற்று சூட்டுக்குச் சமன். வெறும் கிரைண்டர் வேலை நடக்கும் நாளில் உலை பட்டினி. பட்டினி கிடக்கும் உலைக்கு நல்ல காற்றை ஊதிக்கொண்டிருப்பது, எரியும் அடுப்பில் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாதிப் பேர் போய்விடும் அந்த இரண்டு மணி நேரமும் அப்படித்தான். விசிறியை நிறுத்தி நான்கு வால்வுகளையும் மூடிவிடுங்கள். திறந்து விட்டால் தொட்டிகள் புகைபோக்கி மாதிரி இழுக்கத் தொடங்கும். மூடி வைத்தால் சூடு மறுநாள் காலைவரை பெரிதாகக் குறையாது.

வெப்பநிலை எல்லாம் சரி, ஆனால் புகைபோக்கியில் மணம்

இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. திரையில் 355 என்று அழகாக நிற்கும். வெளியே அயலவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். "ஊக்கி செத்துப் போச்சு" என்று உடனே முடிவு கட்டி, புது ஊக்கிக்கு விலை கேட்கத் தொடங்குவார்கள். பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி வால்வுதான் என்பது என் அனுபவம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சூடாக்கியைப் போட்டு நடு வெப்பத்தை 40, 50 பாகை உயர்த்துங்கள். மணம் குறைந்தால் ஊக்கியின் பலவீனம். கொஞ்சமும் குறையாவிட்டால் அந்தக் காற்று ஊக்கியின் பக்கமே போகவில்லை, குறுக்கு வழியால் போகிறது.

குறுக்கு வழி எது என்று கண்டுபிடிக்க ஒரு நிறுத்தற்கடிகாரம் போதும். போன வருடம் புகைபோக்கியின் மாதிரித் துளையில் பி.ஐ.டி. மானியை (காற்றில் பத்து இலட்சத்துக்கு எத்தனை பங்கு ஆவி என்று காட்டும் கருவி) பிடித்துக்கொண்டு நான் ஏணியில் நின்றேன். கீழே எங்கள் மூத்த மெக்கானிக், நான் மாமா என்று கூப்பிடுபவர், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, மாறக்குள்ள சொல்லுங்க."

"மாறிட்டு மனே. இப்ப வாவித் தொட்டியாலதான் உள்ள போகுது."

மானி ஒரு குத்துக் குத்தி இறங்கி, 2.1இல் நின்றது. மூன்று நிமிடம் கழித்து வால்வுகள் தடால் என்று மாறின. "றோட்டுப் பக்கம்" என்றார். மானி ஒரு குத்துக் குத்தி ஏறி, இறங்கி, 0.4இல் நின்றது. மறுபடி வாவி, மறுபடி 2.1. ஐந்து சுற்றுப் பார்த்தோம், மாறவில்லை. உள்ளே வரும் காற்றில் 110 இருந்தது. ஆக, வாவித் திருப்பத்தில் மட்டும் ஒன்றரை சதவீதமளவு காற்று கள்ளமாகப் போகிறது.

வாவித் தொட்டியால் உள்ளே போகும்போது மூடியிருக்க வேண்டிய வால்வுகள் இரண்டு: வாவியின் வெளி வால்வும் றோட்டின் உள் வால்வும். சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான். அடுத்து றோட்டுத் தொட்டியின் அடிப்பெட்டியில், வெளி வால்வுக்கு முன்னால், மாதிரி எடுத்தோம். அங்கே மணம் இருந்தால் றோட்டின் உள் வால்வு ஒழுகுகிறது. அங்கே சுத்தம், புகைபோக்கியில் மட்டும் மணம் என்றால் வாவியின் வெளி வால்வு. எங்களுக்கு அடிப்பெட்டி சுத்தம்.

வால்வைக் கழற்றியபோது இருக்கையின் மேல் ஒட்டிக் கிடந்தது இறுகிப்போன ஒரு துளி ரெசின். கச்சான் பருப்பில் பாதி கூட இல்லை, ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. 300 மில்லிமீற்றர் தட்டு ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் தூக்கி நின்றால், எங்கள் அமுக்கத்தில் ஒழுகுவது ஏறக்குறைய அந்த ஒன்றரை சதவீதம்தான். மாமா அதை நகத்தால் சுரண்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். புது ஊக்கி கேட்டு எழுதிய கடிதத்தோடு முதலாளியிடம் காட்டுவதற்காம்.

வால்வு சரியாக இருந்தும் மணம் குறையாவிட்டால், சூடு கூட்டினால் மட்டும் குறைந்தால், அப்புறம் ஊக்கியைச் சந்தேகியுங்கள். ஊக்கி தளர்கிறதா என்பது, உயரத்துக்கு உயரம் வெப்பநிலையைக் குறித்து வரைந்த கோட்டிலும் தெரியும்: முன்பு ஊக்கியின் முதல் சில சென்ரிமீற்றரில் ஏறிய வெப்பம், இப்போது உள்ளே ஆழத்தில்தான் ஏறும். படகு வேலையில் ஊக்கிக்குப் பெரிய எதிரி சிலிக்கோன். அச்சில் பூசும் சில தெளிப்பான்களிலும் ஒட்டுப் பசைகளிலும் இருக்கிறது. எரிந்ததும் நுண்ணிய வெள்ளைத் தூளாக, மணலின் அதே பொருளாக, உருண்டைகளின் மேல் படியும். கழுவினாலும் போகாது. மெழுகு பூசும் முறைக்கு ஓடாவிகளை மாற்றியதே எங்களுக்கு உதவிய ஒரே வைத்தியம். கருவி கழுவுவதற்குக் குளோரின் கலந்த கரைப்பான்களை விடவே விடாதீர்கள். எரிந்தால் ஐதரோக்குளோரிக் அமிலம். ஊக்கியை மந்தமாக்கும், ஆறிய அடிப்பகுதியில் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். கடற்காற்றின் உப்பு அந்த வேலையை ஏற்கனவே தொடங்கி வைத்திருக்கிறது.

திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு வீச்சு மணம்

மானி குத்துக் குத்தியது என்றேனே, அது இரண்டு தொட்டி உலைகளின் பிறவிக் குணம். காற்று திசை மாறும் கணத்தில், உள்ளே வந்துகொண்டிருந்த தொட்டியின் பீங்கான் இடுக்குகளிலும் அடிப்பெட்டியிலும் எரியாத காற்று நிற்கும். எங்களுக்கு அது ஒரு கன மீற்றர் அளவு. வால்வு மாறியதும் அது அப்படியே வெளியே. மூன்று நிமிடத்தில் 100 கன மீற்றர் ஓடுகிறது; ஆக ஒரு சதவீதம் இப்படிப் போகும். திருப்ப நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தால் மூன்று சதவீதம். நடுச் சூட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நேரத்தைக் குறைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. வெளிவாசல் துள்ளாத அளவுக்கு நேரத்தை நீட்டுவதே முதல் மருந்து. முழுமையாக நிறுத்த வேண்டுமென்றால் மூன்றாவது தொட்டி வைத்து, திருப்புவதற்கு முன் நல்ல காற்றால் அலசி எடுக்க வேண்டும். பெரிய ஆலைகளில் அப்படித்தான். எங்கள் முதலாளி அந்த விலையைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

வீச்சு முன்பைவிட நீளமாக இருந்தால் அது பிறவிக் குணமில்லை. வால்வு மெதுவாக நகர்கிறது. ஒரு விநாடிக்குள் மாற வேண்டிய தட்டு இரண்டு மூன்று விநாடி எடுத்தால், அவ்வளவு நேரமும் உள்ளும் வெளியும் ஒன்றாகத் திறந்து கிடக்கும். வால்வுகளை நகர்த்துவது கொம்பிரசரின் அழுத்தக் காற்று. கொம்பிரசர் தொட்டியின் அடியில் தண்ணீரைத் திறந்து விடுங்கள். மட்டக்களப்புக் காற்றில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர்தான் சிலிண்டருக்குள் போய்த் துருவாகிறது.

நடு வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது

450ஐத் தாண்டினால் கவனியுங்கள், 600ஐ நெருங்கினால் பயப்படுங்கள். அதற்கு மேல் பிளாட்டினத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு ஊக்கி நிரந்தரமாக மந்தமாகும். காரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம், ஆவி கூடிவிட்டது. பெரும்பாலும் அசற்றோன். ரோலர் கழுவும் வாளியை மூடாமல் உறிஞ்சு கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. திருப்ப நேரத்தைக் குறைத்தால் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. குறைத்தால் சூட்டை இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். நீட்டினால் வாசலால் கொஞ்சம் வெளியேறும், ஆனால் அதுவும் மெதுவான வழி. செய்ய வேண்டியது, நல்ல காற்றுத் தணிப்பானைத் திறந்து ஆவியை ஐதாக்குவது. உச்சியிலிருந்து புகைபோக்கிக்கு நேரே போகும் சூடான பக்கவழி இருந்தால் அதையும் சற்றுத் திறப்பது. விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அசற்றோன் காற்றில் இரண்டரை சதவீதமளவு சேர்ந்தால் தீப்பிடிக்கும் எல்லை, ஸ்டைரீனுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம். அந்த எல்லையின் கால்வாசிக்கு மேல் ஒருபோதும் போகாமல் வைத்திருப்பது தொழில் வழக்கம். விசிறி நின்றால் ஆவி குழாய்க்குள் தேங்கும், பக்கத்திலேயே தகிக்கும் ஊக்கி.

ஆபத்து தணிந்த பிறகு அந்தப் பக்கவழித் தகடு சரியாக மூடியதா என்று பார்க்க மறக்காதீர்கள். பாதி திறந்து கிடந்தால் அடுத்த வாரம் "நடு வெப்பம் இறங்குகிறது" என்று முதலாவது அறிகுறிக்கே திரும்பி வருவீர்கள்.

ஒரு தொட்டி சூடு, மற்றது குளிர்

இரண்டு தொட்டியும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்க வேண்டும். ஒன்று 50 பாகை கூடுதலாகக் காட்டினால், திருப்ப நேரங்கள் இரண்டு பக்கமும் சமமா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் 180 விநாடி, மறுபக்கம் 150 என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் யாராவது தட்டியிருக்கலாம். அது சமமென்றால் ஒரு வால்வு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். அதுவும் சரியென்றால் உலையை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள்.

எங்களுக்கு வந்தது அதுதான். ஒரு பழுதுக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த எலக்ரீசியன் ஒருவர், வெப்பநிலையை அளக்கும் வெப்பவிணையின் நீட்டிப்புக் கேபிளை மாற்றினார். கே வகை, அமெரிக்க நிறக் குறியீடு: மஞ்சளும் சிவப்பும். சிவப்பென்றால் நேர் என்று அவர் எண்ணினார். இந்தக் குறியீட்டில் சிவப்புத்தான் எதிர். ஐரோப்பிய வகையில் பச்சை நேர், வெள்ளை எதிர். இரண்டு முனையிலும் மாற்றிப் பூட்டியதால் மானி தலைகீழாக ஓடவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் உலையின் மேலுள்ள சந்திப்புப் பெட்டி 60 பாகை, கட்டுப்பாட்டு அறை 32. அந்த 28இன் இரண்டு மடங்கு, 56 பாகை, குறைத்துக் காட்டியது. குளிர்ந்த தொட்டி என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை. இருவர் இரண்டு நாளாக வால்வைக் கழற்றிப் பூட்டினோம்.

விசிறி முனகுகிறது, அமுக்கம் ஏறுகிறது

அமுக்கம் காட்டும் யூ குழாயில் தண்ணீர் வித்தியாசத்தைத் தினமும் காலையில் ஒரே காற்றளவில் குறித்து வையுங்கள். எங்கள் சாதாரண அளவு 60 மில்லிமீற்றர். 90க்குப் போனால் திறந்து பார்ப்போம்.

கண்ணாடி நார்த் தூசென்றால் முன்வடிகட்டி கிழிந்திருக்கும். அது சுலபம். கஷ்டமானது ஸ்டைரீனின் சொந்தக் குணம்: அது தன்னோடு தானே சேர்ந்து பிசினாகும். ஊக்கியை எட்டுவதற்கு முன், பீங்கானின் ஆறிய அடிப் படையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகப் படியும். பலாக்காய்ப் பால் கையில் காய்ந்தது மாதிரி, கத்தியால் சுரண்டினால்தான் வரும். அடிச் சல்லடைக்கு மேலுள்ள முதல் பத்துச் சென்ரிமீற்றரில்தான் அதிகம்.

சுடவைத்து விரட்டுவது ஒரு வழி. வேலை முடிந்த பின், நல்ல காற்றை மட்டும் ஒரே திசையில் நீண்ட நேரம் விட்டு, வெப்ப அலையை அடிவரை இறக்குவது. அடி 250, 300ஐத் தொடும்போது பிசின் உடைந்து ஆவியாகும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அந்த ஆவி ஊக்கிக்குப் பிறகுதான் கிளம்புகிறது, எரியாமல் புகைபோக்கியால் போகும். ஆகவே பிசின் தடித்த பிறகு செய்யாமல் மெல்லிதாக இருக்கும்போதே, கொஞ்சமாக, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கடலை நோக்கி வீசும் நாளில் செய்யுங்கள். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றது, தடித்த பிசின் அந்தச் சூட்டில் தீப்பற்றும், வால்வுச் சீல்களும் அந்தச் சூட்டுக்குச் செய்தவையல்ல. வெளிவாசல் வெப்பநிலையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நாங்கள் இப்போது சுடவைப்பதை விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியிலுள்ள பீங்கானை வாரி எடுத்துப் புதுப் பீங்கான் போடுகிறோம். வாரி எடுப்பது நாற்றம் பிடித்த வேலைதான், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

மாரியில் மட்டும் வரும் வியாதி

கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் தை வரை உலைக்குச் சளி. கச்சான் காலத்தில் ஒரு குறையுமில்லாமல் ஓடியது, மாரியில் நடு வெப்பத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கும். காற்றின் ஈரத்தைக் குற்றம் சொல்வார்கள். உள்ளே ஆவியாக வரும் ஈரம் ஆவியாகவே வெளியேறும், அதனால் பெரிய நட்டமில்லை.

நட்டம் தோலில். சூட்டைக் காக்கும் பாறைப் பஞ்சுப் போர்வையின் மேல் போட்ட தகட்டில் ஒரு மடிப்பு விலகினால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகாயூல் வேண்டும். மணிக்கு ஐந்து லீற்றர் இறங்கி ஆவியானால் 3 கிலோவாற்றுக்கு மேல். எங்களுக்கு இருக்கும் வரவே 11. தகட்டைக் கையால் தடவிப் பாருங்கள். நனைந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும், மழை விட்ட பிறகு அங்கிருந்து மெல்லிய நீராவி எழும். அந்தப் பஞ்சைக் காயவைக்க முயல வேண்டாம், வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். மேல் தகட்டின் விளிம்பு கீழ்த் தகட்டை மூடி இறங்க வேண்டும், ஓடு வேய்வது மாதிரி. எங்கள் உலையில் முதலில் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள்.

மாரியில் பி.ஐ.டி. மானியையும் முழுதாக நம்பக்கூடாது. ஈரம் அதன் விளக்கையும் மின்வாய்களையும் ஏமாற்றும், சில வேளை குறைத்தும் சில வேளை தாறுமாறாகவும் காட்டும். நல்ல காற்றில் பூச்சியம் பார்த்து, மாதிரிக் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி போட்ட பிறகுதான் அதன் எண்ணை எழுதி வையுங்கள்.

மின்சாரம் போய் வந்த பின்

2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது கற்றது. கரண்ட் போனால் வால்வுகள் எந்த நிலையில் நிற்கும் என்று இப்போதே பார்த்து வையுங்கள். எல்லாம் மூடி நிற்பதுதான் நல்லது. திறந்து நின்றால் சூடு மேலேயும் கீழேயும் அலைந்து அடிச் சீல்களைச் சுட்டுவிடும். கரண்ட் வந்ததும் உடனே ஆவியை விடாதீர்கள். முதலில் ஊக்கியின் வெப்பநிலை 250க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல காற்றில் இரண்டு திருப்பம் ஓட்டி, நான்கு வால்வும் சரியான பக்கம் மாறுகின்றனவா என்று கண்ணால் கண்ட பிறகு உறிஞ்சு கூடுகளைத் திறவுங்கள். 250க்குக் கீழே என்றால் சூடாக்கியைப் போடுங்கள், அதுவரை ரெசின் கலக்க வேண்டாம் என்று ஓடாவிக்குச் சொல்லிவிடுங்கள். ஹார்ட்னர் ஊற்றிய பிறகு சொன்னால் அவர் கேட்கமாட்டார், அவருடைய வாளி இறுகத் தொடங்கியிருக்கும்.